டெங்கில் பட்டறையில் இரண்டு சனிக்கிழமைகள்

வண்டியின் இடது பின்சக்கரத்தில் டயரின் உட்பக்கம் நனைந்திருந்தது. மழைத்தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனால் கந்தகம் போல ஒரு வாடை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாடையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆக்சிலுக்குள் இருக்க வேண்டிய கெட்டி எண்ணெய் வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

ஒரே ஆண்டில் இது மூன்றாவது முறை. முன்பு இரண்டு தடவையும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஆயில் சீலை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடும். பிறகு அதே கறை, அதே வாடை.

கறை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு மழை மாலையில், ஜெஞ்சாரோம் சமிக்ஞை விளக்கருகே பிரேக்கை மிதித்தபோது வண்டி நேராக நிற்காமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. பக்கத்து இருக்கையில் என் மகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை. அன்றிரவு என் மனைவி சொன்னது ஒரே வாக்கியம்: “இந்தத் தடவை சரியாகலைன்னா வித்துடுங்க.”

விற்பது சுலபம். பழைய லேண்ட் ரோவரைத் தேடி அலைபவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர். ஆனால் இது அப்பா ஓட்டிய வண்டி. பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் துரைக்கு டிரைவராக இருந்தவர் அவர். தோட்டம் கைமாறி, புதிய நிர்வாகம் பிக்கப் வண்டிகளை வாங்கியபோது, பழையதை ஏலத்தில் எடுத்தார். சீரிஸ் மூன்று, 88 அங்குல வகை. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. ஸ்டியரிங்கின் இடது ஓரத்தில் அவர் கை வைக்கும் இடம் மட்டும் இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது.

‘டெங்கிலில் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்பு தோட்டத்துப் பட்டறையில் இருந்தவர். அவர் பார்த்தும் சரியாகவில்லை என்றால் விற்றுவிடு’ என்றார் ஒரு நண்பர். இப்படித்தான் நான் அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகளை டெங்கிலில் கழித்தேன்.

பழைய சாலையில்

கிள்ளானிலிருந்து டெங்கிலுக்கு நெடுஞ்சாலை வழியாகப் போனால் முக்கால் மணி நேரம் பிடிக்காது. பிரேக் சரியில்லாத வண்டியில் நெடுஞ்சாலையை நினைக்கவே கூடாது. தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங் என்று பழைய சாலையிலேயே போனேன். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

பந்திங்கைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் செம்பனை. இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே கன்றுகள், மணல் லாரிகள், புதிதாக முளைத்த கிடங்குகள். லங்காட் ஆறு அருகிலேயே எங்கோ கூட வருகிறது. உலு லங்காட் மலையில் பிறந்து, காஜாங்கையும் டெங்கிலையும் தொட்டு, பந்திங் பக்கமாகப் போய்க் கடலில் சேரும் ஆறு அது. டெங்கிலை நெருங்கும்போது பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடுகிறது.

டெங்கில் பெரிய ஊர் இல்லை. ஒரு கடைவரிசை, சந்தை, பள்ளிவாசல், பெட்ரோல் நிலையம், மாமாக் கடை. தலைக்கு மேல் சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் பறக்கிறது. 1998 ஜூனில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இதே சிப்பாங் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வடக்கே புத்ராஜெயா, அதை ஒட்டி சைபர்ஜெயா. மூன்றுக்கும் நடுவில் டெங்கில் பழைய கடைவரிசையோடு உட்கார்ந்திருக்கிறது.

ஊரைச் சுற்றி ஈயம் எடுத்த குட்டைகள். அவற்றில் ஒரு பகுதிதான் இன்று பாயா இண்டா ஈரநிலப் பூங்காவாகி, பறவை பார்க்க வருபவர்களை ஈர்க்கிறது. பக்கத்து ஜெண்டராம் ஹிலிரில் ஈயத்துக்காகத் தோண்டிய மண்ணிலிருந்து புதிய கற்கால மக்களின் முக்காலிப் பானைத் துண்டுகள் கிடைத்தன. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக ஆட்கள் குடியிருந்து வரும் மண் இது.

மூச்சுவிடும் ஓட்டை

பட்டறை என்றால் பெயர்ப்பலகையும் சிமெண்டுத் தரையும் வேண்டுமா என்ன? ஒரு வீட்டின் பக்கவாட்டில் துத்தநாகத் தகரக் கூரை. நான்கு கம்பங்கள். மண்தரையில் எண்ணெய் ஊறி ஊறி, தார் போட்டதுபோல இறுகிப் போயிருக்கிறது. சுவரில் முருகன் படம் போட்ட நாள்காட்டி. அதன் கீழே அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள்.

பெரியவருக்கு 70 வயதைத் தாண்டியிருக்கும். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘போமன்’. ஃபோர்மன் என்ற சொல் மலாய்க்காரர் வாயில் ‘போமென்’ ஆகி, நம்மவர் வாயில் போமன் ஆகி, இன்று மெக்கானிக் என்றால் யாருக்கும் தெரியாத அளவுக்கு நிலைத்துவிட்டது. நான் ஐயா என்று கூப்பிட்டேன். அவர் தம்பி என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

இரண்டு தடவை சீல் மாற்றிய கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்விட்டார். சக்கரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஆக்சில் கூட்டின் மேல்பகுதியில் செம்மண் அப்பிக் கிடந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் குமிழ் தெரிந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஒரு சின்னக் குண்டு உருண்டு ஆட வேண்டுமாம். ஆடவில்லை. மண் இறுகி அடைத்திருந்தது.

“இது மூச்சு விடுற ஓட்டை, தம்பி. ஓட ஓட ஆக்சில் சூடாகும். உள்ளே காத்து விரியும். மேலே வழி இருந்தா அப்படியே போயிடும். வழி இல்லைன்னா, எண்ணெயைத் தள்ளிக்கிட்டு சீல் வழியா வரும். நீங்க பத்து சீல் மாத்தினாலும் வரும்.”

மூன்று மாத நிம்மதியின் ரகசியம் அந்தக் குமிழில் இருந்தது. புதிய சீல் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அதுவும் விட்டுக்கொடுத்துவிடும். வீங்கின இடத்தில் மருந்து தடவிவிட்டு, வியாதியை விட்டுவிட்ட கதைதான்.

“அதுக்காகக் குமிழை மட்டும் கழுவி மாட்டிட்டா போதாது. இவ்வளவு நாள் என்ன கெட்டிருக்குன்னு பார்க்கணும். ரெண்டு பக்கமும் கழட்டுவோம்.”

சுமக்கிறவன் வேறு, சுற்றுகிறவன் வேறு

கழற்றுவதற்கு முன் முன்சக்கரங்கள் நான்கு பக்கமும் மரக்கட்டை வைக்கச் சொன்னார். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறேனே என்றேன். சிரித்தார். இந்த வகை லேண்ட் ரோவரில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், சுழலும் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அந்தச் சக்கரம் சும்மா சுற்றிக்கொள்ளும், வண்டி நகர்ந்துவிடும். ஜேக்கிலிருந்து வண்டி சரிந்து கால் போன ஒருவரைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறாராம். கட்டை வைத்து, ஜேக்கில் தூக்கி, இரும்புத் தாங்கியில் உட்கார வைத்த பிறகுதான் ஸ்பேனரையே கையில் எடுத்தார்.

சக்கரம் வந்தது. பிரேக் டிரம் வந்தது. உள்ளே பார்த்தால் பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் ஊறி, கறுப்பு அல்வா மாதிரி பளபளத்தன. ஜெஞ்சாரோமில் வண்டி ஏன் இழுத்தது என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. வலப்பக்கம் பிடித்தது, இடப்பக்கம் வழுக்கியது.

ஹப்பின் நடுவில் ஆறு போல்ட். அவற்றைக் கழற்றி இழுத்தார். வாள் உறையிலிருந்து வருவதுபோல நீளமான தண்டு ஒன்று வெளியே வந்தது. ஹாஃப் ஷாஃப்ட். நான் பதறிப்போய், “வண்டியைத் தாங்குற தண்டாச்சே, ஐயா!” என்றேன்.

“இதுவா? இது ஒரு கிலோவைக்கூடத் தாங்கலை. இதைக் கழட்டி வீட்டில வச்சிட்டு, முன்சக்கரத்தை மட்டும் ஓட வச்சு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். இதோட வேலை சக்கரத்தைச் சுத்துறது மட்டும்தான். சுமக்கிறது அது.”

‘அது’ என்று அவர் காட்டியது ஹப். சாதாரணக் கார்கள் பலவற்றில், சக்கரத்தைச் சுற்றும் தண்டே வண்டியின் எடையையும் தாங்கும். தண்டு உடைந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும். லேண்ட் ரோவரின் பின் ஆக்சிலில் அப்படி இல்லை. ஆக்சில் கூட்டின் நுனியில் குழாய்போல ஒரு கட்டைத் தண்டு நீண்டிருக்கும். அதன் மேல் இரண்டு பேரிங்குகள், பேரிங்குகளின் மேல் ஹப், ஹப்பில் சக்கரம். எடை முழுவதும் இந்த வழியாகத் தரைக்குப் போகிறது. சுற்றும் தண்டு குழாயின் நடுவில், எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருக்கும். லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். காட்டுக்குள்ளே தண்டு உடைந்தால்கூட வண்டி விழாது, ஆள் வீடு திரும்பலாம்.

இந்த வண்டியின் வரலாறும் அப்படிப்பட்ட தேவையிலிருந்தே பிறந்தது. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டினார்கள். போர் முடிந்த காலம். பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் என் வண்டியின் கதவு துருப்பிடிக்கவில்லை, சட்டம் மட்டும் துருப்பிடிக்கிறது. அதே 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் படைக்கும் போலீசுக்கும் தோட்டங்களுக்கும் இந்த வண்டி வந்து குவிந்தது. முள்வேலிக்குள் அடைபட்ட லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு, லேண்ட் ரோவர் சத்தம் என்றால் ஒன்று துரை, அல்லது சோதனை.

போமன் ஹப்பின் நட்டைக் கழற்ற 52 மில்லிமீட்டர் குழாய் ஸ்பேனரை எடுத்தார். இரண்டு நட்டுகள், நடுவில், ஒன்று மற்றொன்றைக் கழலவிடாமல் பிடித்துக்கொள்ள மடித்துவிடும் மெல்லிய வாஷர். இடப்பக்கம் வாஷர் இருந்தது, மடிக்கப்படவில்லை. வலப்பக்கம் வாஷரே இல்லை. நட்டை மட்டும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருந்தார்கள். பேரிங்கை வெளியே எடுத்துத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது.

“அளவுக்கு மீறி இறுக்கினா சூடேறும். எஃகு நீலமாகும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இறுகிப்போயிருக்கும். நெடுஞ்சாலையில ஓடும்போது இறுகியிருந்தா…”

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. நல்ல வேளை, பழைய சாலையில் வந்தேன்.

இன்னொன்றையும் காட்டினார். கட்டைத் தண்டின் அடியில், சீலின் ரப்பர் உதடு உராயும் இடத்தில் ஒரு எஃகு வளையம் உண்டு. அதில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியாக எண்ணெய் கசியும். சீல் மாற்றுபவர்கள் வளையத்தையும் மாற்ற வேண்டும். அது இறுக்கமாக ஏறியிருப்பதால், கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள்.

பட்டியல் போட்டோம்: நான்கு பேரிங், இரண்டு சீல், இரண்டு வளையம், வாஷர்கள், கேஸ்கட், இரண்டு பக்கத்துக்கும் பிரேக் ஷூ. எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்டேன். “போடலாம். உங்க மகளை ஏத்தாதீங்க” என்றார்.

மகளைப் பற்றி அவரிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். வந்ததும் வராததுமாகச் சொல்லியிருக்கிறேன் போலும்.

பிராங் புசாரிலிருந்து

உதிரிபாகங்களுக்குக் கேமரன் மலையில் பிரிஞ்சாங் கடையொன்றுக்குப் போன் செய்தார். நாட்டில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் பிழைப்புக்காக ஓடும் இடம் அது. தேயிலை மலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண்பாதையில் ஏறி இறங்கும் வண்டிகளை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். நம்மவர்கள் பலரும் அங்கே காய்கறி போடுகிறார்கள். அலங்காரத்துக்கு வைத்திருப்பவன் சாமானுக்குக் காத்திருப்பான். நாளை காலை கோசு ஏற்ற வேண்டியவன் காத்திருக்க மாட்டான். ஆகவே சாமான் அங்கே எப்போதும் இருக்கும் என்பது போமனின் கணக்கு. அடுத்த வாரத்துக்குள் வந்துவிடும் என்றார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. அவர் வீட்டிலிருந்து தே ஓ வந்தது. மழை கொஞ்சம் அடங்கியதும், தொழிலை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“பிராங் புசார்ல.”

அந்தப் பெயரை இன்று யாரும் வரைபடத்தில் தேட முடியாது. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921-இல் காட்டை அழித்துத் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. ‘பெரிய போர்’ என்று மலாயில் பெயர் வைத்தார்கள். அங்கே தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரப்பர் ரகங்கள் பி.பி. என்ற எழுத்துகளோடு உலகம் முழுக்கப் போயின. பி.பி. 86, பி.பி. 260 என்று கேரளத்து ரப்பர் விவசாயியிடம் சொன்னால்கூட அவருக்குத் தெரியும். அந்த எழுத்துகளுக்கு விரிவு பிராங் புசார் என்பதும், அந்த மரங்களைச் சீவியது யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1995-இல் அந்த இடத்தில் புதிய நிர்வாகத் தலைநகரின் வேலை தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே போனது. 2001-இல் புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசமானது. பிராங் புசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தன. அந்தச் சுவர்களின் விரிசலும், தரைவீடு கேட்டு அவர்கள் நடந்த நடையும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

இடம் மாறியது நம்மவர்கள் மட்டுமல்ல. டெங்கிலை அடுத்த புக்கிட் தம்போயில், விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் பூர்வகுடியினரின் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் அவர் ஊராரும் நீதிமன்றம் போனார்கள். நிலம் அவர்களுடையதே என்று 2002-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிலவுரிமை பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

போமன் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு நினைவிருப்பது வேறு. தோட்டத்துப் பட்டறை, அதில் சீனப் பெரியபோமன் ஒருவர், 15 வயதில் அவரிடம் கையாளாகச் சேர்ந்தது. முதல் ஆறு மாதம் பேரிங் கழுவுவது மட்டுமே வேலை. “கழுவிக் கழுவித்தான் எது நல்ல பேரிங், எது செத்ததுன்னு விரலுக்குத் தெரிஞ்சுது. இப்ப எவன் கழுவுறான்? டப்பாவைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கான்.”

அவருக்குப் பிறகு இந்தப் பட்டறை? மகன் விமான நிலையத்தில் வேலை செய்கிறார். நல்ல சம்பளம். “அவன் பொழைச்சுக்கிட்டான், அது போதும்” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கையில் தெரியணும்

அடுத்த சனிக்கிழமை பேருந்தில் போய் இறங்கினேன். சாமான் வந்து காத்திருந்தது. பழைய வளையங்களை உளியால் நெடுக்காக வெட்டு விழும் அளவுக்கு மட்டும் தட்டி, தண்டில் கீறல் படாமல் கழற்றி வைத்திருந்தார். ஹப்பைத் தேய்த்துக் கழுவி, கழுவிய துணியையே வெளிச்சத்தில் பிடித்துத் துகள் இருக்கிறதா என்று பார்த்தார்.

“இன்னிக்கு வேலை உங்களுது” என்றார். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். பக்கத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறதாம். முந்தின சனிக்கிழமை அவர் எல்லாவற்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

பேரிங்கின் வெளிக்கிண்ணத்தைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி உள்ளே இறக்கினேன். ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்துகொள்ளும். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். ‘டொக்’ என்றிருந்தது ‘டங்’ என்றாகும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, ஒவ்வோர் உருளைக்கும் நடுவிலிருந்து கிரீஸ் மறுபக்கம் எட்டிப்பார்க்கும்வரை திணிக்க வேண்டும். மேலே பூசினால் போதாது. பிறகு உள்பேரிங், சீல். சீலின் உதட்டில் ஒரு துளி எண்ணெய். புதிய வளையத்தின் மேல் உதடு மடங்காமல் ஹப்பை நேராக ஏற்ற வேண்டும். இரண்டு முறை ஏற்றி, இரண்டு முறையும் பயந்து வெளியே எடுத்தேன். மூன்றாவது முறை போனது.

வெளிப்பேரிங், வாஷர், முதல் நட்டு. இனிமேல்தான் முக்கியம். நட்டை இறுக்கிக்கொண்டே ஹப்பைக் கையால் சுற்ற வேண்டும். உருளைகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எவ்வளவு கொஞ்சம்? ஹப்பை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுத்தால், ஆடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவு. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் நான்கைந்து பங்கு. ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். அந்த இடைவெளி இல்லையென்றால் பேரிங் வெந்துபோகும். அதிகமானால் சக்கரம் ஆடி, சீலைத் தின்றுவிடும்.

“அளக்கிற கருவி இருக்கு. முதல்ல கையில பாருங்க” என்றார்.

தள்ளினேன், இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. “கண்ணை மூடுங்க.” மூடினேன். தள்ளி இழுத்தபோது, மிக லேசாக, கதவுத் தாழ் விழுவதுபோல ஒரு தொடுகை விரலுக்கு எட்டியது. அவர் என் கையின் மேலேயே கையை வைத்துப் பார்த்தார். “இன்னும் ஒரு மயிரிழை.” நட்டை நகர்த்தினேன். இரண்டாவது நட்டைப் போட்டு இறுக்கியதும் அந்தத் தொடுகை மறைந்துவிட்டது. வெளிநட்டு இறுகும்போது உள்நட்டையும் கொஞ்சம் அழுத்திவிடும். அதற்கும் சேர்த்து முன்கூட்டியே தளர்த்தி வைக்க வேண்டும். திரும்பவும் முதலிலிருந்து. மூன்று தடவை செய்தேன். நான்காவது தடவை அவர் மரப்பெட்டியிலிருந்து டயல் கேஜை எடுத்துப் பொருத்தினார். முள் சரியான இடத்தில் நின்றது.

“வாஷரை மடிங்க.” மடித்தேன். ஒரு காதை உள்நட்டின் மேல், ஒரு காதை வெளிநட்டின் மேல். அப்பாவின் வண்டியில் என் கையால் முடித்த முதல் வேலை அது. அப்பா ஒருநாளும் என்னை ஸ்பேனர் எடுக்க விட்டதில்லை. படிக்கிற பிள்ளை கையில் கிரீஸ் படக்கூடாது என்பது அவர் கட்சி.

வலப்பக்கம் ஒரே மணி நேரத்தில் முடிந்தது. ஆக்சிலில் புது எண்ணெய். பிரேக் டிரம்முக்குப் புது ஷூ. கடைசியாகக் கழுவி வைத்த பித்தளைக் குமிழ். மாட்டுவதற்கு முன் காதருகே கொண்டுபோய் ஆட்டச் சொன்னார். உள்ளே குண்டு கிலுகிலுத்தது.

ஏரிக்கரை வரை

ஓட்டிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். எந்தப் பக்கம் போகலாம் என்றேன். “புத்ராஜெயா போங்க. ஏத்தம், இறக்கம் ரெண்டும் இருக்கு.”

ஏறினோம், இறங்கினோம். ஆளில்லாத அகலச் சாலையில் வேகம் பிடித்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வண்டி நேராக நின்றது. மறுபடியும் மிதித்தேன். நேராக. புது ஷூ பழகும்வரை கொஞ்சம் அழுத்தமாக மிதிக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார். சுவாவ் ஆற்றை மறித்துக் கட்டிய ஏரி. சனிக்கிழமை மாலை, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், படம் எடுக்கும் மணமக்கள். போமன் இறங்கி, முதலில் இடது பின்சக்கரத்தின் ஹப்பில் உள்ளங்கையை வைத்தார். பிறகு சுற்றி வந்து வலது. தெரிந்த வீட்டுப் பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல இருந்தது.

“வெதுவெதுன்னு இருக்கு. அப்படித்தான் இருக்கணும். சுட்டா நிறுத்திடுங்க. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்பக் கொண்டாங்க, ஆட்டம் பார்ப்போம்.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஏரியைப் பார்த்தார். “பட்டறை எந்தப் பக்கம் இருந்தது, ஐயா?” என்றேன். மங்கலான கண்ணைச் சுருக்கி, தண்ணீரின் மேல் விரலை நீட்டினார். பிறகு இன்னொரு பக்கம் நீட்டினார். “சரியாத் தெரியலை, தம்பி. மேடெல்லாம் வெட்டிட்டாங்க.”

அவரை டெங்கிலில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் பந்திங் வந்தேன். ஜெஞ்சாரோம் சமிக்ஞை விளக்கு சிவப்பாக இருந்தது. வண்டி நேராக நின்றது. பச்சை விழுந்ததும் ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் ஹப்பில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆக இன்னும் எண்பது இருக்கிறது. அடுத்த முறை மகளும் வருகிறாளாம். முன்னிருக்கையில் உட்காருவேன், ஆனால் சக்கரத்தை நானும் தொட்டுப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.